சுவரோடு சுவராக ஓர் அக்கா

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சிறுபத்திரிகைக்காக ஓவியக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சு ஓவியர்கள் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து வரைந்த படங்களைப் பற்றிய கட்டுரை. அதில் எதுவார் வுய்யார் 1893இல் வரைந்த ஒரு படத்தின் தலைப்பு வந்தது. ‘ஓவியரின் தாயும்’ வரை எழுதிவிட்டேன். அடுத்த சொல்லில் நின்றுவிட்டேன். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் உடன்பிறந்தவளுக்கு ஒரு சொல் போதும், மூத்தவளா இளையவளா என்று யாரும் கேட்கமாட்டார்கள். ‘சகோதரி’ என்று போட்டுத் தப்பித்திருக்கலாம். ஆனால் சகோதரி என்பது மேடைச் சொல். வீட்டில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை. வீட்டைப் பற்றிய ஓவியத்துக்கு வீட்டில் புழங்கும் சொல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். கணினியில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் கறுப்பு உடையில் கால்களை அகட்டி, கைகளைத் தொடையில் ஊன்றி உட்கார்ந்திருக்கும் அம்மா. இடப்பக்கம், கட்டம் போட்ட உடையில் ஒல்லியாக ஒரு பெண். சுவரோடு ஒட்டிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, உடம்பை வளைத்து நிற்கிறாள். உடையின் கட்டங்களும் சுவர்த்தாளின் புள்ளிகளும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து, உடை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. யாரோ விருந்தாளி வந்ததும் அறை மூலையில் ஒடுங்கிக்கொள்ளும் சின்னப் பெண்ணைப் போல இருந்தாள். சரி என்று ‘தங்கை’ என எழுதினேன். படத்துக்குக் கீழே குறிப்பும் நானேதான் எழுதினேன்: ‘வெட்கப்பட்டுக் குனிந்து நிற்கிறாள்.’ பத்திரிகை அச்சாகி வந்தும்விட்டது.

சில மாதம் கழித்து, வேறு எதையோ தேடும்போது வுய்யாரின் வாழ்க்கைக் குறிப்பைப் படிக்க நேர்ந்தது. 1868 நவம்பரில், குய்சோ என்ற சிற்றூரில் பிறந்தவர். மூன்று பிள்ளைகளில் கடைக்குட்டி. மூத்தவர் மரீ, பிறந்தது 1861. ஏழு வயது மூத்த அக்கா. படம் வரையப்பட்டபோது அவருக்கு முப்பது வயது தாண்டிவிட்டது.

நானும் ஓர் அக்காதான். எனக்குக் கீழே இரண்டு தம்பிகள். அதனாலோ என்னவோ, இந்தத் தவறு என்னை விடவே இல்லை. எழுத்துப்பிழையாக இருந்தால் திருத்தம் போட்டு மறந்திருப்பேன். இங்கே அந்த ஒரு சொல்லோடு சேர்ந்து படமே மாறிவிட்டது. தங்கை குனிந்தால் அது வெட்கம், கூச்சம், செல்லம் என்று எப்படியும் ஒரு பேர் கிடைக்கும். தம்பியைத் தூக்கி வளர்த்திருக்கக்கூடிய வயதுள்ள அக்கா, முப்பது வயதில், பெற்ற தாய்க்குப் பக்கத்தில், சொந்த வீட்டுச் சுவரில் அப்படி ஏன் ஒடுங்க வேண்டும்? தமிழில் இன்னொரு சங்கடமும் உண்டு. தங்கை என்றால் ‘நிற்கிறாள்’, அக்கா என்றால் ‘நிற்கிறார்’. சொல்லைத் திருத்தினால் குறிப்பில் உள்ள ஒவ்வொரு வினைமுற்றையும் திருத்த வேண்டும். திருத்தத் திருத்த, நான் அந்தப் பெண்ணிடமிருந்து எவ்வளவு மரியாதையைப் பிடுங்கியிருந்தேன் என்று தெரிந்தது.

ஊசி போட்ட சோறு

வுய்யாரின் அப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று, வரி வசூல் அதிகாரியாக இருந்தவர். அம்மாவைவிட 27 வயது பெரியவர். 1884இல் அவர் இறந்தபோது கடைக்குட்டிக்குப் பதினைந்து வயது. அதற்குள் குடும்பம் பாரிசுக்கு வந்திருந்தது. அம்மாவுக்கு கார்செட் என்ற பெண்கள் உள்ளாடை தைக்கத் தெரியும், அப்புறம் பெண்களுக்கான உடைகளையும் தைத்தார். வீடும் தையல்கூடமும் ஒன்றுதான். வேலை பழக வந்த பெண்கள், மரீ, பாட்டி என்று பெண்களாலேயே நிறைந்த அந்த வீட்டில்தான் வுய்யார் வளர்ந்தார். உதவித்தொகையில் கொந்தோர்சே பள்ளியில் படித்தார். பிற்காலத்தில் ஓவியத்திலும் நாடகத்திலும் பேர் வாங்கிய நண்பர்களை அங்கேதான் சேர்த்துக்கொண்டார். மரீ அம்மாவோடு தையல் வேலையில் இருந்தார். தம்பி வண்ணம் வாங்கியதும் தூரிகை வாங்கியதும் ஊசி போட்ட சோற்றில் இருந்துதான்.

இந்தப் படங்களைப் பற்றி எழுதும் பலரும் ‘இதமான’, ‘கதகதப்பான’ என்ற சொற்களை எடுத்துவிடுவார்கள். நானும் எடுத்திருக்கிறேன். ஆனால் வுய்யாரின் தொண்ணூறுகளின் தொடக்கப் படங்களை வரிசையாகப் பாருங்கள். சன்னல் வெளிச்சத்தை ஒட்டி மேஜை. அதன்மேல் துணிக் குவியல். குனிந்த தலைகள். நூலை இழுத்தபடி ஒரு கை முழு நீளத்துக்கு வெளியே வந்து நிற்கும். ஊசி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கையின் நீட்டத்தை வைத்தே நூல் எவ்வளவு நீளம் என்று சொல்லிவிடலாம். பெரும்பாலும் முகம் தெரியாது, பிடரிதான் தெரியும். வேலை செய்கிறவர்களோடு ஒரே அறையில் இருக்கிறவன் பார்ப்பது அதைத்தான். அவர்கள் அவனுக்காக நிமிரமாட்டார்கள். அவர் பல படங்களைச் சின்ன அட்டைகளில் வரைந்தார். அட்டையின் பழுப்பு நிறத்தை அங்கங்கே பூசாமலே விட்டுவிடுவார், அதுவே மர அலமாரியாகவோ தரையாகவோ ஆகிவிடும். தைக்கிறவர்கள் வெட்டுத்துணியை வீணாக்கமாட்டார்கள். அந்தப் புத்தியைத்தான் நான் அந்தப் பூசாத பழுப்பில் பார்க்கிறேன். துணியின் பூவேலைப்பாட்டையும் சுவர்த்தாளின் பூவேலைப்பாட்டையும் அவர் ஒரே மாதிரிப் பார்த்ததற்கு அந்தத் தையல்கூடம்தான் காரணம் என்று விமர்சகர்கள் சொல்வதுண்டு. எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

கார்செட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. திமிங்கில எலும்பு என்று அவர்கள் சொல்லும் பட்டைகளைத் துணிக்குள் வைத்துத் தைத்து, முதுகில் கயிறு போட்டு இறுக்கி, பெண்ணின் இடுப்பை வேண்டிய அளவுக்கு அமுக்கும் உள்ளாடை அது. அந்தக் குடும்பத்தை வாழவைத்தது அந்தத் தொழில். ஓர் உடம்பை எவ்வளவு சின்ன இடத்துக்குள் பொருத்தலாம் என்பது அந்த வீட்டில் அன்றாடக் கணக்கு. இதை நான் அதிகம் இழுக்க விரும்பவில்லை. ஆனால் மரீயின் வளைந்த முதுகைப் பார்க்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.

சுவரும் ஆளும் ஒன்றா?

இந்தப் படத்துக்கு எல்லோரும் சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு. வுய்யார் நபிகள் என்ற குழுவைச் சேர்ந்தவர். இறைத்தூதர் என்ற பொருளில் நமக்குத் தெரிந்த அதே ‘நபி’தான், எபிரேயத்திலும் அதே சொல். 1888இல் பொந்தாவென் என்ற ஊரில், மூத்த ஓவியர் கொகெனின் சொல்படி செருசியே என்ற இளம் ஓவியர் ஒரு சின்னப் பலகையில் இயற்கைக்காட்சி ஒன்றை வரைந்து பாரிசுக்குக் கொண்டுவந்தார். கிட்டத்தட்ட வெறும் வண்ணத் திட்டுகள். அதைப் பார்த்து மிரண்ட நண்பர்கள் கூடியதுதான் குழு. 1890இல், பத்தொன்பதே வயதான மொரீஸ் தெனி அந்தக் குழுவின் கொள்கையை எழுதிவைத்தார்: ஓர் ஓவியம் போர்க்குதிரையாகவோ பெண்ணாகவோ கதையாகவோ இருப்பதற்கு முன்னால், ஓர் ஒழுங்கில் வண்ணங்கள் பூசப்பட்ட தட்டையான பரப்பு. இதை வைத்துப் பார்த்தால் மரீ சுவரில் கரைவதில் ஆச்சரியமே இல்லை. சுவரும் ஆளும் ஒரே பரப்பின் பகுதிகள், அவ்வளவுதான்.

விளக்கம் சரிதான். ஆனால் போதாது. அதே படத்தில், அதே சுவருக்கு முன்னால், அம்மா கரையவே இல்லையே! அவர் ஒரு பாறையைப் போல உட்கார்ந்திருக்கிறார். விதவையின் கறுப்பு உடையில் ஒரு புள்ளி இல்லை, ஒரு கட்டம் இல்லை. அந்தக் கறுப்பில் முகமும் இரண்டு கைகளும் மட்டும் வெளிச்சமாகத் தெரிகின்றன. கொள்கைதான் காரணம் என்றால் இரண்டு பேரும் கரைந்திருக்க வேண்டும். ஒருவர் கரைந்து இன்னொருவர் உறைந்திருக்கிறார் என்றால், அங்கே முடிவெடுத்தது மகனும் தம்பியுமான அந்த ஓவியர். இருபத்தைந்து வயது வாலிபன்.

இந்தக் கேள்வியோடு அலைந்தபோது அதே தலைப்பில் இன்னொரு படம் கிடைத்தது. 1869-70 குளிர்காலத்தில் பெர்த் மொரிசோ என்ற பெண் ஓவியர் வரைந்தது. அதற்கும் ‘ஓவியரின் தாயும்...’ என்றுதான் பெயர். இந்தத் தடவை முதலில் பிறந்த வருடத்தைப் பார்த்தேன். எத்மா 1839, பெர்த் 1841. இங்கேயும் அக்காதான். இரண்டு பேரும் ஒன்றாக ஓவியம் கற்றவர்கள், 1864 முதல் பாரிசின் சலோன் கண்காட்சியில் இடம்பெற்றவர்கள். 1869இல் எத்மா கடற்படை அதிகாரி ஒருவரை மணந்து லோரியாங் துறைமுகத்துக்குப் போனார், ஓவியத்தையும் விட்டார். முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தபோது தங்கை வரைந்ததுதான் இந்தப் படம். வெள்ளை உடையில், பூப்போட்ட சோபாவில், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு எத்மா. முன்னால் கறுப்பு உடையில் புத்தகம் படிக்கும் அம்மா. சலோனுக்கு அனுப்பும் நேரத்தில் வந்த நண்பர், ஓவியர் மனே, கொஞ்சம் சரிசெய்கிறேன் என்று தூரிகையை வாங்கி, அம்மாவின் பாவாடையில் தொடங்கி தலை வரை போய்விட்டார். பெர்த்துக்கு அது பெரும் வேதனை, அம்மாவுக்கோ ஒரே சிரிப்பு. இன்று வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கும் அந்தப் படத்தில் நாம் பார்ப்பது பெருமளவு மனே பூசிய அம்மாவையும், தங்கை பூசிய அக்காவையும். மொரிசோ வீட்டில் வசதி இருந்தது, சோபாவும் கண்ணாடியும் இருந்தன. யாரும் வயிற்றுப்பாட்டுக்காகத் தைக்கவில்லை. அங்கேயும் அம்மா கறுப்பு, அங்கேயும் அக்கா ஒதுங்கிய பார்வை. ஆனால் எத்மாவுக்கு உட்கார இடம் கொடுத்திருந்தாள் தங்கை. தூரிகையைக் கீழே வைத்துவிட்ட அக்காவை, தூரிகையை வைக்காத தங்கை அவ்வளவு நிதானமாகப் பார்த்திருக்கிறாள். அந்தப் படத்தை என்னால் அதிக நேரம் பார்க்க முடியவில்லை.

நான்கு விரல் இடம்

போன வருடம் குடும்ப வேலையாக நியூயார்க் போக வேண்டியிருந்தது. ஒரு பிற்பகல் கிடைத்தது. நவீன ஓவியக்கூடத்துக்குப் போய், வேறெதையும் பார்க்காமல் வுய்யாரைத் தேடிப் போனேன். முதலில் தைத்தது அதன் அளவு. 46 சென்டிமீட்டர் உயரம், 56 சென்டிமீட்டர் அகலம். செய்தித்தாளின் ஒரு பக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவே. கணினித் திரையில் நான் பெரிதாக்கி வைத்திருந்த மரீயைவிட அசல் மரீ சின்னவராக இருந்தார்.

கிட்டே போனேன். சுவர்த்தாள் என்று தூரத்தில் தெரிந்தது கிட்டே வெறும் ஒற்றல்கள். தூரிகையை ஊன்றி, எடுத்து, ஊன்றி, எடுத்து வைத்த அடையாளங்கள். உடையின் கட்டங்களும் அதே தூரிகை, அதே அவசரம். அம்மாவின் கறுப்பில் அந்த ஒற்றலே இல்லை, முழுசாகப் பூசியிருக்கிறது. தரை படுத்துக் கிடக்காமல் நம்மை நோக்கிச் சரிகிறது. அம்மாவுக்குப் பின்னால் இழுப்பறைப் பெட்டி, வலப்பக்கம் மேஜைமேல் ஒரு பாட்டில், தட்டு. எல்லாம் முன்னால் வந்து நெருக்குகின்றன. ஒரு பத்து நிமிடம் நின்றிருப்பேன். அப்போதுதான் கண்ணில் பட்டது: மரீயின் தலைக்கு மேலே இடமே இல்லை. நிமிர்ந்தால் தலை சட்டத்தில் இடிக்கும். இத்தனை நாள் அவர் எதற்காகக் குனிகிறார் என்று அவர் மனசுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குப் பயமா, வந்தவருக்கு வணக்கமா, உடம்பு முடியவில்லையா என்று. அவர் அந்தப் படத்துக்குள் இருப்பதற்காகக் குனிகிறார். மேலே நான்கு விரல் இடம் விட்டிருந்தால் நிமிர்ந்து நின்றிருக்கலாம். சட்டத்தை எங்கே வெட்டுவது என்பது தம்பி கையில் இருந்தது. அவன் அங்கேதான் வெட்டினான்.

இது கொடுமையா, பாசமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அக்காவின் நிலைமையைப் பார்த்து, அதை அப்படியே காட்ட வேண்டும் என்று தம்பி முடிவெடுத்திருக்கலாம். வீட்டில் வேறு யாரும் வாய்விட்டுச் சொல்லாததை அவன் கான்வாஸின் அளவால் சொல்லியிருக்கலாம். அந்த வருடம் அக்டோபரில் பள்ளித்தோழன் லுனியே-போ புதிதாகத் தொடங்கிய லெவ்ர் நாடகக் குழு இப்சனின் நாடகத்தோடு அரங்கேறியது. அதற்கு மேடைத் திரைகளை வரைந்தவரும் வுய்யார்தான். யாரை எங்கே நிறுத்தினால் பேச்சில்லாமலே சண்டை புரியும் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அதே 1893இல்தான் மரீக்குக் கல்யாணமும் நடந்தது. மாப்பிள்ளை தம்பியின் நெருங்கிய நண்பர், நபிகளில் ஒருவரான ரூசெல். தம்பிக்கு அந்தச் சம்பந்தத்தில் ஆசை அதிகம். அந்த வருடத்து இன்னொரு படத்தில், தையல் மேஜைக்குப் பின்னால் கதவிடுக்கில் ரூசெல் எட்டிப் பார்க்கிறார், அறை முழுக்கப் பூவாக இருக்கிறது. கல்யாணம் அந்தப் படத்தைப் போல அமையவில்லை. ரூசெலுக்கு வேறு பெண்களோடு தொடர்பு இருந்தது. பிள்ளை இழப்பும் வந்தது. 1898இல் மகள் அன்னெத் பிறந்த பிறகுதான் வுய்யாரின் படங்களில் அந்தக் குடும்பத்துக்குக் கொஞ்சம் மூச்சு வருகிறது.

நெருக்கம்

மொழிபெயர்ப்பில் இன்னொரு சொல்லும் என்னைப் படுத்தியது. வுய்யாரையும், நபிகளில் இன்னொருவரான பொன்னாரையும் பிரெஞ்சில் இன்டிமிஸ்ட் ஓவியர்கள் என்பார்கள். நான் ‘அந்தரங்க ஓவியர்கள்’ என்று போட்டிருந்தேன். அது அவர்களுடைய நண்பரான சுவிஸ்காரர் வல்லோத்தோனுக்கு வேண்டுமானால் பொருந்தும். 1897-98இல் அவர் செய்த பத்து மரச்செதுக்குப் படங்களில் ஆணும் பெண்ணும் அறைக்குள் பொய் சொல்லிக்கொள்கிறார்கள், கட்டிக்கொள்கிறார்கள், பணம் பேசுகிறார்கள். ஒன்றில் படத்தின் பெரும்பகுதி வெறும் கறுப்பு மட்டும்தான். முப்பதே பிரதி அச்சிட்டு, அச்சுக்கட்டைகளை வெட்டிப்போட்டு, வெட்டிய துண்டுகளை வைத்தே ஒரு கடைசித் தாளும் அச்சிட்டார்கள். அதுதான் அந்தரங்கம். ‘அகம்’ என்று போடலாமா என்றும் ஆசை வந்தது. மனம், வீடு, உள் என்று எல்லாம் அதில் உண்டு. ஆனால் அது நம் கவிதையின் காதலைச் சுமந்துகொண்டு வந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் படத்தின் முன்னால் நின்றபோது, தேடாமலே வந்தது ‘நெருக்கம்’. பாசத்தில் நெருங்கி இருப்பதும் நெருக்கம்தான், பேருந்தில் மூச்சுமுட்ட நிற்பதும் நெருக்கம்தான். நெருக்குவதும் நெருக்கடியும் அதே வேரில் இருந்து வந்தவை. இரண்டையும் தமிழ் பிரித்துவைக்கவில்லை. அந்தத் தையல்கூட வீட்டிலும் யாரும் பிரித்திருக்க முடியாது. வுய்யார் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1928இல் அம்மா இறக்கும்வரை, தன் அறுபது வயதுவரை, அம்மாவோடுதான் இருந்தார். அவர் வாங்கிய கோடாக் கேமராவில் எடுத்த படங்களை வீட்டிலேயே கழுவிக் கொடுத்ததும் அந்த அம்மாதான். அவரை இவ்வளவு பெரிதாக, அசைக்க முடியாத கறுப்பாக நடுவில் உட்காரவைத்தவரும் அதே மகன்தான். அன்புக்குக் குறைவில்லை. இடத்துக்குத்தான் குறை, அதுவும் வீட்டில் ஒருத்தருக்கு.

பத்திரிகை நண்பர் இப்போது பழைய கட்டுரைகளைத் தொகுப்பாகப் போடுகிறார். திருத்த வேண்டியது இருந்தால் திருத்திக் கொடுங்கள் என்று கேட்டார். உட்கார்ந்தேன். ‘தங்கை’ ஐந்து இடத்தில் இருந்தது, அதை ‘அக்கா’ ஆக்கினேன். ‘அவள்’ எல்லாம் ‘அவர்’ ஆயிற்று. ‘அந்தரங்க ஓவியர்கள்’ என்பதை ‘நெருக்கத்தின் ஓவியர்கள்’ என்று மாற்றினேன், கொஞ்சம் இடறுகிறது, பரவாயில்லை. கடைசியில் படக்குறிப்பு. ‘வெட்கப்பட்டுக் குனிந்து நிற்கிறாள்.’ வினைமுற்றை மாற்றியும் சரியாக வரவில்லை. ‘வெட்கப்பட்டு’ என்பதற்குப் பதிலாக ‘பயந்து’ என்று போட்டுப் பார்த்தேன், ‘ஒடுங்கி’ என்று போட்டுப் பார்த்தேன், ‘களைத்து’ என்றும் எழுதி அழித்தேன். எதுவும் மரீ என்னிடம் சொன்னதல்ல. அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு, ‘ஓவியரின் அக்கா மரீ, குனிந்து நிற்கிறார்’ என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டேன்.